சானடோரியம் இறங்குறவங்க

பிராட்வேயிலிருந்து தாம்பரம்.
பதினாறு வருடம்
"சானடோரியம் இறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க"
என்று கூவியிருக்கிறேன்.
எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி இறங்குவார்கள்.
சிலர் நிழற்குடைத் தூணைப் பிடித்து இருமுவார்கள்.
அதற்குள் நான் விசில் கொடுத்துவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நானும் இறங்கினேன்.
விசில் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

முதலில் கைதான்.
உள்ளங்கையில் கடுகு கடுகாய்க் கொப்புளம்,
சீழ் கோத்து, காய்ந்து, உரிந்து, மறுபடி.
சில்லறையை வைக்க மாட்டார்கள்,
அரை அடி மேலிருந்து போடுவார்கள்.
பிறகு காறை எலும்பு.
பைவார் எங்கே அழுத்துமோ சரியாக அங்கே வீங்கியது.
பையின் கனம் என்றார் டெப்போ டாக்டர்.
வாரைத் தோள் மாற்றினேன்.
ஆறு மாதத்தில் அந்தத் தோளும்.

பிறகு மூச்சு.
சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி இரைக்கும்,
கூடவே நானும்.

இந்த ஊரில் இருமலுக்கு ஒரே பெயர்தான்.
சளியில் கிருமி இல்லை என்று மூன்று தடவை வந்தும்
மாத்திரை ஆரம்பித்தார்கள்.
ஆறு மாதம் ஆரஞ்சு நிறத்தில் மூத்திரம்.
டெப்போவில் என் டம்ளரின் அடியில்
யாரோ நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தார்கள்.
நல்ல ரோஜா நிறம்.
குமுதவல்லி தலையணையைத்தான் தள்ளிப் போட்டாள்,
பாயை அல்ல.

அப்புறம் ஸ்கேனில் முடிச்சுகள்.
அந்த இன்னொரு பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
நுரையீரல் உறையில் நீர்.
முதுகில் ஊசி ஏற்றி எடுத்தார்கள், எண்ணூறு மில்லி.
"ஒரு குடத்துக்கு லாரி பின்னாடி ஓடியிருக்கேன் சிஸ்டர்,
எனக்குள்ளயே இவ்ளோ இருந்திருக்கு."
ஆடாதீங்க என்றாள்.

நெஞ்சுக்கு ஒரு கட்டடம்,
எலும்புக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று,
ஒவ்வொன்றிலும் காலை ஏழு மணிக்கு வரிசை.
டாக்டர் பிரசில்லாதான்
மூன்று சீட்டையும் ஒரே மேஜையில் பரப்பி
என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
எலும்பு ஸ்கேனைக் காட்டினாள்:
மார்பில் ஒரு மாட்டுத் தலை,
கொம்பு இரண்டும் கறுப்பாய்த் தோள்வரை.
சாஃபோ என்றாள். இங்கிலீஷில் ஐந்தெழுத்து.
எனக்குத் தெரிந்த ஐந்தெழுத்து வேறு.
"எலும்பு, தோலோட நின்னுடும் பொதுவா.
நுரையீரல் வரைக்கும் வந்து நான் பார்த்ததில்ல.
சீழ்ல கிருமி இல்ல. அந்தத் தண்ணியிலயும் இல்ல.
உங்க உடம்புக்கே உங்க மேல கோவம்."
எதுக்கு, என்றேன்.
தெரியாது என்றாள்.
அப்படிச் சொன்ன முதல் டாக்டர்.

கிருமி இல்லாத சீழ்.
திருடன் வராத தெருவில் விடிய விடியக் குரைக்கும் நாய்.
நாலு வருடம் மேலிருந்து போட்டவர்களை
எந்த ஸ்டாப்பிங்கில் போய்த் தேடிச் சொல்ல,
ஒட்டாது என்று?

"ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க"
என்றான் மூச்சு மெஷின் பையன்.
படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே ஏற்றும்
என் குரல் அது.
திரையில் கோடு பாதி மேட்டிலேயே திரும்பிவிட்டது.
வீட்டுக்கு மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் பெட்டி கொடுத்தார்கள்.
இழுத்தால் முதல் பந்து ஏறும்.
இரண்டாவது, நாளைப் பொறுத்து.
மூன்றாவது அசைந்ததே இல்லை,
அதற்கு "லக்கேஜ்" என்று பெயர் வைத்திருக்கிறாள் மகள்.

மாதம் இரண்டு ஊசி.
நேற்று மறுபடி டூட்டி.
விசிலில் காற்றுதான் வந்தது, உள்ளே பட்டாணி சுழலவில்லை.
டிரைவர் மஸ்தான் திரும்பினார்.
"கையத் தூக்குப்பா, கண்ணாடியில பாத்துக்கறேன்."
காறை எலும்பு காதுவரைதான் விடும்.
அவ்வளவு தூக்கினேன், விரித்த உள்ளங்கையை,
வண்டி மொத்தமும் பார்க்க.

பல்லாவரத்தில் ஏறிய அம்மா
அந்தக் கையிலேயே நூறு ரூபாயை வைத்து அழுத்தி
"ஒரு சானடோரியம்" என்றாள்.
சில்லறை இல்லையா என்றேன்.
இருந்தா குடுக்க மாட்டேனா என்று
தாம்பரம்வரை கேட்கிற மாதிரி கத்தினாள்.